பல்புக்குப் போட்ட குல்லா

எல்சி கம்பளி நூலில் உறை பின்னிப் போடாதது புருஷன் இன்னாசிக்கு மட்டும்தான். பத்திரிகையில் படம் பார்த்து நாற்காலி, முக்காலி, டிவி என்று எல்லாவற்றுக்கும் பின்னினாள். கூடத்துப் பல்பைச் சுற்றியும் ஒரு சிவப்புக் குல்லா தொங்கவிட்டாள். கல்மண்டபம் ஏரியாவே வந்து பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றது.

இப்போது பக்கத்து வீட்டு ஜூடிக்குப் பின்ன உட்கார்ந்தால் கண்ணி கண்ணியாகத் தப்பியது.

"எல்லாம் இந்தக் குல்லாவாலதான்யா. வூடே மங்கலா கீது. அத்தக் கழட்டிடு."

"நீ ஆசையா பின்னுனதாச்சேமே."

"இன்னா பண்றது? வெளிச்சம் இல்லாம ஊசி ஓடலியே."

துறைமுகத்தில் மூட்டை சுமந்து தேய்ந்த முட்டியோடு இன்னாசி முக்காலியில் ஏறினான். கைகளை உயர்த்திச் சற்று நேரம் நின்றுவிட்டு இறங்கினான்.

"இப்ப எப்டி கீது?"

எல்சி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "இப்பத்தான்யா பளிச்சுனு கீது. இனிமே கண்ணி தப்பாது."

இன்னாசி முக்காலியை ஓரமாக நகர்த்தினான். அந்தக் குல்லாவை அவன் போன ஞாயிறு, அவள் பூசைக்குப் போயிருந்தபோதே, வெளிச்சம் போதட்டும் என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டான். ஒரு வாரமாக அவள் தலைக்கு மேலே நூறு வாட்ஸ் பல்பு மொட்டையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.