பித்தளைக்குள் ஒரு கோடு

மொன்டானாவின் நவம்பர் வெயில் கராஜ் ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. வெர்ன், சுட்டு முடித்த தோட்டாக் கூடு ஒன்றை, மறுபடி மருந்தடைத்துச் சுடுவதற்காக, வெட்டுக் கருவியில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றுகிறான். சுடச் சுட நீண்டுபோன வாயிலிருந்து பித்தளை மயிரிழையாகச் சுருண்டு உதிர்கிறது. விளிம்பின் பிசிறை வழித்துவிட்டுப் பஞ்சால் ஒற்றிப் பார்க்கிறான், பஞ்சு மாட்டவில்லை. "இந்தக் கருவி இருபது டாலர்தான். இதே கூட்டை எட்டாவது தடவை வெட்டறேன். கடையில புதுத் தோட்டா வாங்கறவன் முட்டாள்" என்கிறான். எதிரே அவன் மனைவி லோர்னா, நுனி வளைத்த பேப்பர் கிளிப்பை இன்னொரு கூட்டுக்குள் விட்டு உட்சுவரைத் தடவுகிறாள். அடிக்குச் சற்று மேலே கிளிப் தடுக்குகிறது. அடுத்ததிலும் தடுக்குகிறது. "மேல வெட்டி வெட்டி எறிஞ்சியே, அது எங்கேருந்து வளர்ந்துச்சுன்னு நினைச்சே? அடி தேஞ்சு கோடு விழுந்திருக்கு, வெர்ன். சுட்டா பிளந்து முகத்துல நெருப்படிக்கும்." அவன் கிளிப்பை வாங்கித் தடவுகிறான். அவனுக்கும் தடுக்குகிறது. "காலைல கெய்லி எடுத்துட்டுப் போன தோட்டா?" "இதோட சேர்ந்ததுதான்." மகள் கெய்லி மலைமுகட்டில் எல்க் மானுக்காகக் காத்திருக்கிறாள், அங்கே போன் எடுக்காது. லோர்னா வண்டிச் சாவியை எடுக்கும்போது மலையிலிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்து ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது. இருவரும் அடுத்த சத்தத்துக்குக் காதைத் தீட்டுகிறார்கள். ஒரே குண்டில் மான் விழவேண்டும், இரண்டாவது குண்டு வெட்கக்கேடு என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் வெர்ன். இப்போது ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறான்: "குறி தப்பியிருக்கட்டும். இன்னொரு தடவை சுடு கண்ணு, சுடு."