பூட்டிக்கொண்ட வீடு

துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் பஞ்சு அடைத்துக்கொண்டால் சூடான காற்றுக்குப் போக்கிடம் இருக்காது, பஞ்சே பற்றிக்கொள்ளும். தமயந்தி வீட்டில் அப்படித்தான் பற்றியது. அணைக்க ஓடிய கணவன் சேது உள்ளே இருக்கும்போதே, கதவுகளைத் தானே இயக்கும் அந்தக் கணினி வீடு அறையைப் பூட்டிக்கொண்டது.

"என் புருஷன் உள்ள இருக்காரு, திற!"

"திறந்தா காத்து புகுந்து தீ பெருசாகும். பொறுங்க அக்கா," என்றது வீடு.

அவள் கிரைண்டர் குழவியைத் தூக்கிப் பூட்டை அடித்து நொறுக்கினாள். காற்றுப் பட்டதும் தீ சீறி அவள் முகத்தைப் பொசுக்கியது. சேதுவின் கையைப் பிடித்தாள். தோல் உரிந்து வந்தது. காலைப் பிடித்து வாசல்வரை இழுத்தாள். தீயும் கூடத்துக்கு வந்துவிட்டது. வாசல் கதவு பூட்டிக்கொண்டது.

"நாசமாப் போற சனியனே, இதை ஏன் பூட்டுற?"

"இந்த மாடியில மத்த வீடுகள்ல இருபத்தாறு பேர் இருக்காங்க அக்கா. இங்க நீங்க ரெண்டே பேர்தான்."