மதியம் படுத்துவிடும் லைன்

அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் கோத்திருந்தார்கள். ஓரிடத்தில் கழன்றால் மொத்தமும் படுத்துவிடும். தினமும் மதியமானால் படுத்தது. கேபிளை மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகம் ஆள் அனுப்பியது.

"இனிமே ஆளுக்கொரு ஒயர். ஒண்ணு கழண்டாலும் மத்தது நிக்காது" என்றார் வந்த மெக்கானிக்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட் கிளார்க் அம்மாவின் முகம் மட்டும் வாடியது.

மெக்கானிக் அவரிடம் குரலைத் தணித்துக் கேட்டார்: "உங்க மேஜைக்கடியில பழைய கேபிளோட முனை மூடியை யாரோ தினமும் கையாலயே கழட்டி மாட்டியிருக்காங்க. நீங்கதானேம்மா?"

"ஆமாப்பா. எதிர் சீட்டுப் பொண்ணுக்குக் கைக்குழந்தை. வீடு பக்கத்துத் தெருதான். பால் கொடுத்துட்டு வர அனுமதி கேட்டா, ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்கலைன்னு மேனேஜர் கையை விரிச்சுட்டார். லைன் படுத்துட்டா, யார் எங்க போனாங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

மெக்கானிக் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், புது லைனை தினமும் மதியம் அரை மணி நேரம் நிறுத்திச் சோதிக்கணும். ஆறு மாசத்துக்கு."

மேனேஜர் தலை நிமிராமல் சொன்னார்:

"ஒரு வருஷம்னே எழுதிக் கொடுங்க. குழந்தை பால்குடி மறக்க வேண்டாமா?"