இரண்டரை நூல்

“இதுவும் சேரலைண்ணே. ரெண்டு சுத்து உள்ள போனதும் பிடிச்சுக்குதாம். தெருவே கேக்கற மாதிரி திட்டித் தீர்த்துட்டார்” என்று நட்டைக் கடைக்காரரின் மேஜை மேல் வைத்தாள் லேத்காரர் மனைவி.

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நட்டுக்காகக் கட்டின பெண்டாட்டியை வாரக்கணக்கில் அலையவிடுகிறானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா? பார்த்தே இராத அந்த லேத்காரருக்கு முறுக்கு மீசை, உருட்டு விழி எல்லாம் வைத்து மனசுக்குள் ஓர் உருவமே செய்து வைத்திருந்தார்.

“மாதிரிக்கு அந்த போல்ட்டைக் கழட்டிட்டு வாங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்களேம்மா.”

“மறந்தே போயிடுதுண்ணே.”

“பழைய மிஷின்னா இன்ச் மரையாத்தான் இருக்கும். நீங்க எட்டு எம்எம், எட்டு எம்எம்னே வாங்கிட்டுப் போறீங்க. ரெண்டரை நூல் போட்டுப் பாருங்களேன்.”

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள் கடைத்தெருவில். இரண்டரை நூல் நட்டும் எட்டு எம்எம் நட்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே சுருளாக ஓடும் மரையில்தான் வித்தியாசம். கடைக்காரரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் பிரிப்பார்.

“ஐயோ, எம்எம்தான் வேணும்னு கண்டிப்பா சொல்லிவிட்டார்ண்ணே” என்றவள், இரண்டும் கலந்து கிடந்த டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றின் உள்ளேயும் நகத்தால் ஒரு வருடு வருடி, சிலவற்றைத் தள்ளிவிட்டு, ஒரு எட்டு எம்எம் நட்டை எடுத்துக்கொண்டாள். “இது வேற கம்பெனி மாதிரி இருக்கு. போட்டுப் பார்க்கச் சொல்றேன். மருந்துக் கடைக்கு வேற போகணும், வரேண்ணே.”

உதவி செய்யக் கிளம்பிவிட்ட மனிதரை யாரால் தடுக்க முடியும்? அவள் தலை மறைந்ததும் கடையைச் சாத்தினார். ஒரு இரண்டரை நூல் நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த ஆளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடும் முடிவோடு பின்தெருவுக்கு நடந்தார்.

முன்னறையில் பாதியை லேத் அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டிய கட்டிலில், தலையணைகளில் சாய்ந்தபடி எலும்பும் தோலுமாக ஒருவர். இடுப்புக்குக் கீழே போர்வை. கேட்க வந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டு, “நட்டுக் கடையிலேர்ந்து வர்றேங்க” என்றார் கடைக்காரர்.

“நட்டுக் கடைக்காரரா? வாங்க, வாங்க! ரெண்டரை நூல்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் எம்எம்மையே வாங்கிட்டு வர்றா சார், மண்டையில ஏறினாத்தானே! மோட்டாருக்கு அடியில ஒரே ஒரு நட்டு. அது இல்லாம ஆடுது, பெல்ட் கழண்டுக்குது. கால் இனிமே வராதுன்னு டாக்டர் ஆயிரம் சொல்லுவார், அவருக்கென்ன. மிஷின் மட்டும் ஓடட்டும், நான் எழுந்து நிக்கறேனா இல்லையான்னு பாருங்க!”

கடைக்காரர் பையிலிருந்த நட்டை எடுத்து நீட்டினார். லேத்காரர் கட்டிலிலிருந்தே சரிந்து கையை நீட்டி, அதை போல்ட்டில் வைத்துச் சுழற்றினார். எங்கும் பிடிக்காமல் அடிவரை இறங்கியது. ஸ்பானரைப் போட்டு இறுக்கினார்.

“அப்படிப் போடு! சுவிட்சைத் தட்டுங்க சார்.”

மோட்டார் ஆடாமல் அசையாமல் ஓடியது. முதல்முறை பார்த்துக்கொள்ளும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சின்னப் பிள்ளைகளாகச் சிரித்தார்கள்.

லேத்காரர் போர்வையை விலக்கினார். ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கித் தரையில் வைத்தார். கட்டில் சட்டத்தை ஊன்றி எம்பினார், உடம்பு எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எம்பினார். கடைக்காரர் ஓடிப்போய்த் தோள் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கால்கள் துணி மாதிரி துவண்டன.

“மிஷினை நிறுத்திடுங்க” என்றார் லேத்காரர்.

கால்களை எடுத்து மேலே போட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். கடைக்காரர் கூப்பிட்டார், தொட்டு அசைத்தார். லேத்காரர் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மருந்துப் பையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். மோட்டாருக்கு அடியில் மின்னிய புது நட்டைப் பார்த்தாள். அப்படியே நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“இனிமேலாவது உங்களுக்குத் திட்டு விழாதுன்னுதாம்மா கொண்டாந்தேன்” என்று குழறினார் கடைக்காரர். “அது ரெண்டரை நூல்ம்மா. பாவம், உங்களுக்குத்தான் தெரியலை.”

அவள் கட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“எனக்கு முதல் நாளே தெரியும்ண்ணே.”