இரண்டு மணி டியூப்

விடிகாலைச் சுபுஹு பாங்கு கேட்டுத்தான் கமர் நிஷா விழித்தாள்.

இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டியவள்.

பக்கத்துக் கட்டிலில் அவள் கணவர் அகமது மீரான். கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்பதில்லை. மூத்திரமும் தானாக இறங்காது. நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் டியூப் செருகி அவள்தான் எடுத்துவிட வேண்டும். பத்து, இரண்டு, ஆறு.

ஒருதரம் தவறினாலும் பிரஷர் எகிறி ஆளே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூத்திரப்பை நிறைந்தது மீரானுக்கே தெரியாது.

தூக்கத்துக்காக அவள் படாத பாடில்லை. மாலைக்கு மேல் அவருக்குத் தண்ணீரைக் குறைத்தாள். ராத்திரி முழுக்க டியூபோடு பிளாஸ்டிக் பையை மாட்டிப் பார்த்தாள். அதில் கிருமி ஏறி, காய்ச்சல் கண்டு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு போனில் மூன்று அலாரம்தான் கதி.

மூன்றும் அணைக்கப்பட்டிருந்தன.

அவர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. காலி.

சோப்புப் போட்டுக் கழுவிய டியூப் வெள்ளைத் துணியில் காய்ந்துகொண்டிருந்தது. அளவு எழுதிவைக்கும் நோட்டைத் திறந்தாள். ‘2.05 – 420 மில்லி.’

அவள் எழுதியது அல்ல. ஆனால் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

ஓடிப்போய் வாசல் கதவைப் பார்த்தாள். உள்தாழ் போட்டது போட்டபடி இருந்தது. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

“மச்சான், ராத்திரி யாரு வந்தது?”

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “அவதான். ‘தங்கச்சி அசந்து உறங்குறா, எழுப்பிராதீங்க’ன்னு சொல்லிட்டுப் போனா.”

மணிமுத்தாறு போய்த் திரும்பும்போது பைக் கவிழ்ந்ததில் அவருக்குக் கழுத்து போனது. பின்னால் இருந்த அவர் முதல் மனைவிக்கு, நிஷாவின் அக்காவுக்கு, உயிரே போனது. அவரைத் தொட்டுச் செய்ய உரிமையுள்ள ஒரு பெண் வேண்டுமே என்று, அக்காவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த கையோடு, அக்காவின் இடத்தில் நிஷாவை உட்காரவைத்து நிக்காஹ் முடித்துவிட்டார்கள். சம்மதமா என்று கேட்டது நிக்காஹ் ஓதிய ஹஜ்ரத் மட்டும்தான், அதுவும் சடங்குக்கு.

நியாயமாக அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

இந்த இரண்டு வருஷத்தில் அவள் தூங்கட்டும் என்று சொன்னது அக்கா ஒருத்திதான்.