நானூற்றுப் பதிமூன்றாம் எண்

குடும்பம் நடத்தும் ஓர் ஆங்கிலக் கம்ப்யூட்டர் விளையாட்டை வனிதா தமிழ் பேசவைத்துவிட்டாள். மூன்று மாத உழைப்பு. மொழிபெயர்ப்பு ஃபைலில் இடப்பக்கம் எண், வலப்பக்கம் அவள் எழுதிய தமிழ், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். விளையாட்டு ஓர் எண்ணைக் கூப்பிட்டால் அதற்குரிய வரி திரையில் வரும். இல்லாத எண்ணைக் கூப்பிட்டால் பெட்டி காலியாக நிற்கும்.

"அட, நம்ம பெரட்டு மாதிரின்னு சொல்லு," என்றாள் அம்மா அன்னக்கிளி. "காலையில வேலைக்கு ஆளெடுக்கறப்ப கணக்கப்பிள்ளை நம்பரைக் கூப்பிட்டா ஆளு பதில் சொல்லணும்."

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடியதிலிருந்து அங்கே பெரட்டு இல்லை. அடுத்த வருடமே அப்பா தங்கவேலு இறந்துபோனார். கடைசிவரை கைநாட்டுதான். ஆனால் மகள் படிக்கிறாள் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

"அப்பாவோட பெரட்டு நம்பரைக் கூப்பிட்டுப் பாரு புள்ள. நானூத்திப் பதிமூணு."

"அந்த நம்பரே ஃபைல்ல இல்லம்மா. காலியாத்தான் வரும்." சிரித்துக்கொண்டே எண்ணைத் தட்டினாள்.

பெட்டி திறந்தது. அது காலியாக இல்லை. வனிதா ஃபைலைப் பார்த்தாள். அது நானூற்றுப் பன்னிரண்டிலேயே முடிந்திருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் அன்னக்கிளி.

வனிதா நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் உரக்கப் படித்தாள்.

"வந்துட்டேனுங்க. எல்லா வரியும் படிச்சுப் பாத்தேன். எம்மக எழுதுனதுங்க. ஒரு தப்பு இல்ல."