வேலிக்குள் கறிவேப்பிலை

இந்த வடதுருவத்து ஊருக்கு வந்த பிறகும் நான் அரிசி கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. வீட்டுக்குப் பின்னால் மொட்டையாய்க் கிடக்கும் மலைச்சரிவில்தான் ஊற்றுவேன். யன்னலோரச் சாடியில் நிற்கும் கறிவேப்பிலையின் பழங்களையும் ஒருநாள் அதோடு சேர்த்து எறிந்துவிட்டேன். உலகம் சூடேறிப் போனதில் இப்போதெல்லாம் இங்கேயும் பனிக்காலம் பெயருக்குத்தானே. அதில் ஒரு விதை முளைத்து, அந்தப் பனிக்காலத்தையும் தாண்டி நின்றது.

என் புருசன் ஞானரூபனுக்கு மண்காப்புத் துறையில் வேலை. அதே சரிவில் அவர் வருசா வருசம் புல் விதைப்பார். மழை வருசா வருசம் அதை மண்ணோடு அள்ளிக்கொண்டு போகும். கன்றைக் கண்டதும் சந்தோசத்தில் நேரே மேலதிகாரியிடம் ஓடினார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

மறுநாளே வேலி போட்டார்கள். சரிவில் வேர்பிடித்த எதிலும் ஓர் இலைகூடக் கிள்ளக் கூடாது என்பது சட்டம். தாய்மரம் என்று என் சாடிச் செடியையும் தூக்கிப்போய் வேலிக்குள் நட்டார்கள்.

"உதிர்ந்த இலையையாவது பொறுக்கலாமோ?" என்று இவரைக் கேட்டேன்.

"உமக்கென்ன விசரே? அதுதான் நாளைக்கு மண்ணாகிறது."

அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தவர், ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா, பருப்பில ஒரு வாசமும் இல்லை?"

நான் எழும்பிப் போய்ப் பின்பக்க யன்னலை அகலத் திறந்துவிட்டேன்.

"மூச்சை நல்லா இழுத்து இழுத்துச் சாப்பிடுங்கோ. அதுக்கு இன்னும் சட்டம் வரேல்லை."